மஞ்சக்குப்பத்து மாவுக்கடையும் எங்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாடும்

வேலை புதுச்சேரியில், வீடு கடலூரில். தூரம் என்று பார்த்தால் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் ஆறு மணிக்கு ஆபீஸை விட்டுக் கிளம்பி, முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம் என்று ஊர் ஊராக ஊர்ந்து, புதுச்சேரி எல்லையில் மதுக்கடைகள் இருக்கிற முள்ளோடையில் இறங்குகிற கூட்டம் நிதானமாக இறங்கி முடித்து (எதற்கு இறங்குகிறார்கள் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை), ஆல்பேட்டை தாண்டி மஞ்சக்குப்பம் வரும்போது ஏழு பத்து ஆகிவிடும். மனைவி செவிலியர். வாரத்தில் மூன்று நாள் மதிய ஷிப்ட், ஒன்பதரைக்குத்தான் வீடு வந்து சேருவாள். அந்த மூன்று நாளும் அடுப்படி என் பொறுப்பு. பெரியவள் ஆறாவது, சின்னவன் யுகேஜி. சின்னவனுக்கு எட்டே கால் தாண்டினால் பசி போய்த் தூக்கம் வந்துவிடும், அப்புறம் தட்டைக் கண்டாலே அழுகைதான். ஆக எனக்குக் கிடைப்பது ஏழரையிலிருந்து எட்டே கால் வரை.

இந்த முக்கால் மணி நேரத்தை இரண்டு வருஷமாக எனக்குக் காப்பாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிற ஒரு கடையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு வீட்டின் முன் அறையை எடுத்துக் கட்டியிருக்கிறார்கள், கதவில் ஒரு சிலேட்டுப் பலகை, அதில் அன்றைக்கு என்ன இருக்கிறது என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது அக்கா கடைதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரிச் சமையலில் அடுப்பு எரிகிற நேரம் ரொம்பக் குறைவு. தோசை வார்க்கப் பத்து நிமிஷம், பொரியல் பன்னிரண்டு நிமிஷம், குக்கர் கால் மணி நேரம். நேரமெல்லாம் அதற்கு முன்னாலேயே போய்விடுகிறது. ஒரு நாள் செல்போனில் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பதினைந்து சின்ன வெங்காயம் உரிக்க எனக்கு எட்டு நிமிஷம். தேங்காய் உடைத்துத் துருவ ஏழு நிமிஷம், அதிலும் உடைத்த காய் அழுகலாக இருந்தால் எதிர்வீட்டுக்குப் போய்க் கடன் வாங்க இன்னொரு ஐந்து. பூண்டு, பீன்ஸ் எல்லாம் சேர்த்தால் அரை மணி காலி, அடுப்பு இன்னும் பற்ற வைத்தபாடில்லை. அக்கா கடையில் விற்பது பெரும்பாலும் இந்த முன்வேலைதான். இடியாப்பம், சட்னி, தொக்கு என்று ஒன்றிரண்டைத் தவிரச் சமைத்த சாப்பாடு கிடையாது. எனக்கு வேண்டியதும் அதுதான், ஏனென்றால் சமைத்த சாப்பாடு வாங்கும் கதையையும் நான் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் மாலையானால் செல்போனில் ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தோம். நாலு பேருக்கு நானூற்று எண்பது, ஐந்நூறு என்று போகும். வர ஐம்பது நிமிஷம். ஒரு நாள் பரோட்டா மட்டும் வந்தது, சால்னா வரவில்லை, சின்னவன் வெறும் பரோட்டாவைச் சர்க்கரையில் தொட்டுத் தின்றுவிட்டுத் தூங்கினான். அன்றோடு சரி.

கடையின் உயிர் இட்லி தோசை மாவுதான். கிலோ 50 ரூபாய், சொந்தத் தூக்கு கொண்டுபோனால் 48. உள்ளே இரண்டு பெரிய சாய்வு கிரைண்டர் ஓடுகிறது, மதியம் அந்தப் பக்கம் போனால் தெருவே அதிரும். அரிசி நாலு, உளுந்து ஒன்று, ஒரு கைப்பிடி வெந்தயம் என்று அக்கா சொல்லும் கணக்கு, நம் வீட்டில் போடுகிற கணக்குதான். எனக்குப் பிடித்தது, அரைக்கிற நேரத்தை அவர் மாற்றிக்கொள்கிற விதம். சித்திரை, வைகாசியில் மதியம் பன்னிரண்டுக்கு மேல்தான் கிரைண்டர் போடுவார், அந்தக் கடற்கரை வெக்கைக்கு ஐந்தாறு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். மார்கழியில் விடிவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுவார். எப்படியும் நான் போகிற ஏழேகால் மணிக்கு மாவு சரியான பக்குவத்தில் இருக்கும். கரண்டியால் ஓரமாகக் கிளறினால் சின்னச் சின்ன ஓட்டைகளாகத் தெரியும், லேசாகப் புஸ் என்று இறங்கும். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்கும், இது நான் வீட்டில் செய்து பார்த்தது, கடையில் செய்தால் அடி விழும். சோடா மாவு கிடையாது. நன்றாக அரைத்த உளுந்துக்கு அது தேவையும் இல்லை, புளிக்க வைக்கிற நுண்ணுயிர் உளுந்தோடும் அரிசியோடும் தானாகவே வருகிறது. சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய பாக்கெட் மாவு ஒன்று எங்கள் வீட்டு பிரிட்ஜில் ஒரே ராத்திரியில் பலூன் மாதிரி ஊதி நின்றதைப் பார்த்த பிறகு, தினம் அரைத்துத் தினம் தீர்கிற மாவுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

விலை அதிகம் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கிலோ மாவில் தண்ணீர் போக நானூறு கிராம் தானியம் இருக்கும். வீட்டில் போட்டால் அரிசிக்குப் பதினாறு பதினேழு ரூபாய், உளுந்துக்குப் பத்துப் பதினொன்று, கரண்டுக்கு ஏதோ. முப்பதுக்குள் முடிந்துவிடும். மீதி இருபது ரூபாய்க்கு அக்கா எனக்காகக் கிரைண்டர் கழுவுகிறார். கிரைண்டர் கழுவியவர்களுக்கு அது எவ்வளவு மலிவு என்று தெரியும். ஒரு கிலோவில் எங்கள் கல்லுக்குப் பன்னிரண்டு தோசை வருகிறது, சின்னவனுக்குப் பேப்பர் ரோஸ்ட் என்று இழுத்தால் பதினான்கு.

என் அம்மா பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். கடை மாவு என்றால் காத தூரம் ஓடுகிறவர். போன ஆனியில் பலாச்சுளையும் முந்திரியுமாகச் சுமந்துகொண்டு வந்திறங்கியவர், அன்று ராத்திரி நான் தூக்கைத் திறந்ததும் ஒன்றும் பேசாமல் விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார், மோந்தார். "உளுந்துல கஞ்சத்தனம் பண்ணல. ஆனா அரிசிய இவ்ளோ நைசா அரைச்சா இட்லி கெட்டியாதான்டா வரும், தோசைக்குச் சரி." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இந்த மாவில் தோசை அருமை, இட்லி சுமார். காலையில் வார்த்த இட்லி மதிய டப்பாவில் கல்லாகிவிடுகிறது என்று பெரியவள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறாள். இட்லி முக்கியம் என்றால் அக்காவிடம் முன்கூட்டியே சொன்னால் கொரகொரப்பாகத் தனியாக எடுத்து வைப்பாராம், ஆனால் குறைந்தது மூன்று கிலோ எடுக்க வேண்டும். நாலு பேர் வீட்டில் மூன்று கிலோவை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

செவ்வாயும் வெள்ளியும் அடை மாவு. அரை கிலோ 40. கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, உளுந்து, இட்லி அரிசி, காய்ந்த மிளகாய், பெருங்காயம், பல்லில் படுகிற மாதிரி அரைத்திருப்பார். இதற்குப் புளிக்கிற வேலையே இல்லை என்பதால் வாங்கி வந்து ஒரு பிடி முருங்கைக்கீரையும் உரித்த வெங்காயமும் போட்டுக் கல்லில் ஊற்ற வேண்டியதுதான். நடுவில் குழி போட்டு எண்ணெய் விட்டு, மூடி வைத்தால் ஓரம் செம்பட்டையாக முறுகி வரும், அந்த வாசனைக்கே ஹோம்ஒர்க்கை விட்டுவிட்டுப் பெரியவள் அடுப்படிக்கு வந்துவிடுவாள். தொட்டுக்கொள்ள வெல்லமும் வெண்ணெயும். சட்னி அரைக்கிற வேலையும் மிச்சம். வெள்ளிக்கிழமை ஏழரைக்கு மேல் போனால் இது கிடைக்காது.

உரித்த சின்ன வெங்காயம் கால் கிலோ, உரித்த பூண்டு நூறு கிராம், துருவிய தேங்காய் ஒரு மூடி அளவு, இஞ்சி பூண்டு விழுது, இந்த நான்கும் வாரா வாரம் வாங்குகிறேன். தேங்காய் அன்றைக்கே தீர்க்க வேண்டும், இல்லையென்றால் உடனே பிரீசரில். வெங்காயம் டப்பாவில் அடியில் துணி போட்டு பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் நிற்கிறது, துணி இல்லாமல் வைத்தால் மறுநாளே வழவழ. இந்த வெங்காயம் இருப்பதால்தான் எங்கள் வீட்டில் அரிசியும் பருப்பும் சாதம் என்ற ஒன்று வந்து சேர்ந்தது. கூட வேலை பார்க்கும் ஈரோட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தது. ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, பத்துப் பன்னிரண்டு வெங்காயம், தக்காளி ஒன்று, பூண்டு நாலு பல், சீரகம், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் கொஞ்சம். எல்லாவற்றையும் குக்கரிலேயே தாளித்து மூன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு மூன்று விசில். பிரஷர் அடங்கும் நேரத்தில் சின்னவனைக் குளிப்பாட்டிவிடலாம். மேலே ஒரு கரண்டி நெய், பக்கத்தில் அப்பளம். நாங்கள் கடலூர்க்காரர்கள், சாம்பாரையும் சாதத்தையும் தனித்தனியாகப் பார்த்தே வளர்ந்தவர்கள், ஆனால் புதன்கிழமை ராத்திரி ஏழே முக்காலுக்கு யாரும் ஊர்ப்பெருமை பேச மாட்டார்கள்.

ஊறவைத்த கொண்டைக்கடலையும் உண்டு, இருநூறு கிராம் 30 ரூபாய். கடலையை முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கையில் விழுந்த பிறகுதான் அது ஞாபகம் வரும் என்பதும் தெரியும். அந்த மறதிக்குக் கொடுக்கிற அபராதம் என்று வைத்துக்கொண்டு வாங்குகிறேன்.

இடியாப்பம் தனிக் கதை. ஆறரை மணிக்குத்தான் அவிக்க ஆரம்பிப்பார்கள், ஒன்று 6 ரூபாய். மூங்கில் தட்டில் வட்ட வட்டமாகப் பிழிந்து, ஆவி பறக்க வாழையிலையில் அடுக்கிக் கொடுப்பார்கள். எட்டு வாங்கினால் எங்களுக்குப் போதும். துருவல் தேங்காயைச் சுடுதண்ணீர் விட்டு மிக்சியில் அடித்துப் பிழிந்து, சர்க்கரையும் ஏலக்காயும் போட்டால் பால் தயார், அந்தப் பிழிகிற வேலை பெரியவளுடையது, வேறு யார் தொட்டாலும் சண்டை. வீட்டுக்குள் நுழைந்து பத்தாவது நிமிஷம் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்போம். மனைவிக்கு எடுத்து வைக்கிற இரண்டை மட்டும் இட்லிப் பானையில் மறுபடி ஒரு ஆவி காட்ட வேண்டும், ஆறினால் நூல் நூலாக உதிர்ந்துவிடுகிறது.

இப்போது திட்டு.

நறுக்கிய காய் வாங்காதீர்கள், குறைந்தபட்சம் ஆறு மணிக்கு மேல் வாங்காதீர்கள். காலையில் நறுக்கிய பீன்ஸும் கேரட்டும் சாயங்காலம் வரை வெளியில்தான் இருக்கிறது, பாக்கெட்டுக்குள் வேர்த்து, லேசாகப் புளித்த வாடை வந்துவிடுகிறது. சாம்பார் காய் என்று ஒரு பாக்கெட் இருக்கிறது, திறந்து கொட்டிப் பார்த்தேன், பாதிக்கு மேல் பரங்கிக்காய், முருங்கைக்காய் இரண்டே துண்டு. காய் நறுக்குவது எனக்கு அவ்வளவு பெரிய வேலையும் இல்லை. விதிவிலக்கு வாழைப்பூ. கள்ளனையும் செதிலையும் ஒவ்வொரு பூவிலிருந்தும் பிடுங்கி, நறுக்கி, மோர்த்தண்ணீரில் போட்டு வைத்திருப்பார்கள், 35 ரூபாய். இந்த வேலையை வார நாளில் ஒருவர் வீட்டில் செய்கிறார் என்றால் அவர் ரிட்டயர் ஆனவராகத்தான் இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

தேங்காய்ச் சட்னி வேண்டாம். ஏழு மணிக்குள் புளித்துவிடுகிறது, இதை அக்காவிடமே சொல்லிவிட்டேன், "கடை தொறந்ததும் வாங்கிட்டுப் போறவங்க ஒண்ணும் சொல்றதில்லையே தம்பி" என்றார். பாதி வெந்த சப்பாத்தி, நாலு மடித்தால் நாலாகவே உடைகிறது. தக்காளித் தொக்கு ருசி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மேலே ஒரு விரற்கடை எண்ணெய், காரம் பெரியவர்களுக்கானது. சின்னவன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர்ச் சொம்போடு அரை மணி நேரம் சுற்றினான். தோசைக்குத் தொட்டுக்கொள்ள நான் வீட்டிலேயே தக்காளி, உரித்த பூண்டு நாலு பல், மிளகாய் இரண்டு வதக்கி அரைத்துவிடுகிறேன், கல் காய்வதற்குள் முடிகிற வேலை.

இன்னொரு குறை தேதி. மாவைப் பாத்திரத்தில் வாங்கும்போது பிரச்சினை இல்லை, ஆனால் வெங்காயம், கடலை, விழுது எல்லாம் பாக்கெட்டில் வருகிறது, எதிலும் என்றைக்குப் போட்டது என்று இருக்காது. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, சாமி படத்துக்குப் பக்கத்தில், அது சரி. ஆனால் பாக்கெட்டில் தேதி வேண்டாமா? இரண்டு மூன்று தடவை சொன்ன பிறகு இப்போது மார்க்கரில் செ, பு, வி என்று கிழமையின் முதலெழுத்தைப் போடுகிறார். விழுது வாங்கும்போது அந்த எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். செவ்வாய்க்கும் செப்டம்பருக்கும் குழப்பிக்கொள்ள வேண்டாம், நான் குழப்பிக்கொண்டேன்.

ஞாயிறு விடுமுறை. அது அவர்கள் உரிமை, ஆனால் அதனால் திங்கள்கிழமை ஊரே தூக்கோடு வந்து நிற்கிறது, ஏழேகாலுக்கு மாவு இருந்தால் அது என் அதிர்ஷ்டம். திங்கட்கிழமைக்கு நான் வேறு ஏற்பாடு வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை முதுநகர் துறைமுகத்தில் மீன் வாங்கி, அங்கேயே ஆய்ந்து எடுத்து வந்து, அக்கா கடை விழுது, மிளகாய்த்தூள், எலுமிச்சை தடவிப் பாதியைப் பிரீசரில் போட்டுவிடுவது. திங்கள் காலை கிளம்பும்போது அதைக் கீழ்த்தட்டில் இறக்கி வைத்தால் சாயங்காலம் நேராகச் சட்டிக்குப் போகும், கூட ரசமும் சாதமும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் மட்டும் அந்த இடத்துக்கு முட்டை வந்துவிடும்.

மழைக்காலத்தில் கடையை நம்பாதீர்கள். கரண்டு போனால் கிரைண்டர் இல்லை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலின்போது எங்கள் பக்கம் கரண்டு போய், கடை சில நாள் பூட்டியே கிடந்தது, நாங்கள் ரவை உப்புமாவும் சேமியாவுமாக ஓட்டினோம். ஐப்பசி பிறந்துவிட்டால் அலமாரியில் இரண்டு பாக்கெட் ரவை எப்போதும் இருக்கட்டும்.

கவர் கேட்காதீர்கள், தர மாட்டார். 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் அந்த மெல்லிய கவருக்குத் தடை என்பதை எல்லாக் கடைக்காரர்களும் மறந்துவிட்டார்கள், இவர் மறக்கவில்லை. தூக்கு கொண்டுபோங்கள், ஆனால் முக்கால் அளவுக்கு மேல் வாங்காதீர்கள். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மே மாதம் ஒரு நாள், நிரம்ப மாவு வாங்கி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, டியூஷன் வாசலில் பிள்ளைகளுக்காக நாற்பது நிமிஷம் நின்றேன். வெயிலில் காய்ந்த வண்டி, கீழே என்ஜின் சூடு. வீட்டுக்கு வந்து சீட்டைத் தூக்கினால் மூடி ஒரு பக்கம், மாவு பொங்கி வழிந்து ஆர்சி புத்தகம், மழைக்கோட்டு, பஞ்சர் கிட் எல்லாவற்றையும் போர்த்தியிருந்தது. "அப்பா, வண்டிக்குள்ள இட்லி" என்று சின்னவன் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினான். ஒரு மாதம் வரைக்கும் எங்கு நிறுத்தினாலும் அந்தப் புளித்த வாசனை என்னைவிட இரண்டடி முன்னால் போய் நின்றது.

கடை மாலை நாலரையிலிருந்து எட்டரை வரை. இடியாப்பத்துக்கு ஆறரைக்கும் ஏழேகாலுக்கும் நடுவில் போங்கள். ஜிபே உண்டு, ஆனால் அந்தத் தெருவில் சிக்னல் பாதி நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை எதிர்ப்பக்கம் நிறுத்துங்கள், கடை வாசலில் சாக்கடை மூடி ஒன்று உடைந்து கிடக்கிறது.